ஒரு மார்பில் பால் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் சுரக்கும்போது: பாலூட்டும் தாய்க்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் ஒரு சிறிய மாடி வீட்டில், என் மூத்த மகளுக்கு ஆறு வாரம் ஆகியிருந்தபோது, ஒரு நாள் அதிகாலையில் எடுத்த பாலை இரண்டு போத்தல்களில் சமையலறை மேசையில் வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கத்துப் போத்தலில் 90 மில்லிலீற்றர் இருந்தது. இடப்பக்கத்துப் போத்தலில் அடிப்பகுதி மறையுமளவுக்கு மட்டுமே இருந்தது. 25 மில்லிலீற்றர்கூட வராது. "இடப்பக்கம் வத்திப்போச்சு பிள்ளை, இனி அதைக் குடுத்து மினக்கெடாதை" என்றார் மாமி. அன்போடுதான் சொன்னார். நானும் அதை நம்பி இரண்டு நாள் இடப்பக்கத்தைக் கொடுக்காமல் விட்டேன். மூன்றாம் நாள் அது உண்மையிலேயே குறைந்து தொய்ந்திருந்தது. நாற்பத்திரண்டாம் நாளை ஒட்டி வீட்டுக்கு வந்த குடும்பநல மருத்துவமாது, அந்த மார்பு வற்றியதால் நான் அதை விடவில்லை, நான் விட்டதால்தான் அது வற்றத் தொடங்கியது என்று எடுத்துச் சொன்ன பின்புதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு உறவிலும் அயலிலும் பல தாய்மாருக்கு அருகே இருந்து உதவியிருக்கிறேன். இந்தச் சிக்கலோடு வருபவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, எதைச் சாப்பிட்டால் அந்தப் பக்கம் பால் ஊறும் என்பதுதான். பால்சுறாப் புட்டும், முருங்கைக்கீரையும், உள்ளி சேர்த்த பத்தியக் கறியும் பிள்ளை பெற்ற உடலுக்கு நல்ல உணவுகள். அவற்றை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாட்டின் சத்து இரத்தத்தின் வழியே இரண்டு மார்புகளுக்கும் ஒன்றுபோலவே போய்ச் சேருகிறது. ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் அதற்குரிய காரணத்தையும் அந்த ஒரு பக்கத்திலேயே தேட வேண்டும்.

முதலில் சுரப்பு எப்படி நடக்கிறது என்பதை அறிதல்

பால் சுரக்கத் தூண்டும் புரோலக்டினும், சுரந்த பாலைக் காம்பை நோக்கித் தள்ளும் ஒக்சிடோசினும் மூளையின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலந்து வருபவை. ஆகையால் அவை இரண்டு மார்புகளுக்கும் பொதுவானவை. குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கத்திலிருந்தும் பால் சொட்டுவது இதனால்தான். குழந்தை பிறந்து முதல் சில நாட்கள் இந்த ஹோர்மோன்களே சுரப்பை நடத்துகின்றன. பால் நன்றாக இறங்கத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறுகிறது: ஒவ்வொரு மார்பும் தன்னிடமிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறது என்பதற்கேற்பத் தன் சுரப்பைத் தானே கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. நன்றாகக் காலியான மார்பு விரைவாகச் சுரக்கும். பால் தேங்கி நிற்கும் மார்பு சுரப்பைத் தணித்துக்கொள்ளும். கீழே சொல்லப்படும் அத்தனை வழிமுறைகளுக்கும் இதுவே அடிப்படை.

இதோடு, பால் சுரக்கும் இழையங்களும் பாலைத் தேக்கிவைக்கும் கொள்ளளவும் இரு மார்புகளிலும் ஒரே அளவில் அமைவதில்லை. ஒரு காலைவிட மறுகால் சற்றுப் பெரிதாக இருப்பதைப் போன்றதுதான் இது. எனவே பாலூட்டும் தாய்மாரில் மிகப் பலருக்கு ஏதோ ஒரு பக்கம் கூடுதலாகவே இருக்கும்.

முதலாம் படி: இது திருத்த வேண்டிய ஒன்றா என்று பாருங்கள்

மார்பைப் பார்த்து இதை முடிவுசெய்ய முடியாது; பிள்ளையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பிறந்த முதல் நாட்களில் சற்றுக் குறையும் நிறை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோதிருந்த அளவை எட்டியதா, அதன் பின்னர் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் வரை கூடுகிறதா, ஐந்தாம் நாளுக்குப் பிறகு இருபத்துநான்கு மணித்தியாலத்தில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா, 8 முதல் 12 தடவை வரை பால் குடித்து இடையில் நிறைவோடு உறங்குகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். கிளினிக்குக்குக் கொண்டு செல்லும் பதிவேட்டில் குறிக்கப்படும் நிறைக்கோடு தன் பாதையில் ஏறிக்கொண்டிருந்தால், ஒரு பக்கத்தில் 90உம் மறுபக்கத்தில் 25உம் வருவது குறித்துக் கவலைப்படத் தேவையில்லை. குழந்தைக்கு வேண்டியது இரண்டு பக்கத்துப் பாலையும் கூட்டி வரும் மொத்தம் மட்டுமே.

பம்பில் வரும் அளவை மார்பிலுள்ள பாலின் அளவென்று கொள்ளக் கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தையின் வாயும் நாக்கும் எடுக்கும் பாலைப் பம்பு எடுத்துவிடாது. இரண்டு காம்புகளின் பருமனும் வேறுபட்டிருந்தால், பம்பில் காம்பின் மேல் பொருத்தும் புனல் ஒரே அளவில் இரண்டுக்கும் பொருந்தாது. பொருந்தாத பக்கத்தில் காம்பு உரசுவதும் பால் குறைவாக வருவதும் இயல்பு. அப்படியானால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் வேறு அளவுப் புனலை மாட்டிப் பார்க்க வேண்டும்.

பிள்ளை செழிப்பாக வளர்கிறது, உங்களுக்கும் வலியோ கட்டியோ இல்லை என்றால், நீங்கள் இந்த வழிகாட்டியை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். உடைக்குள் ஒரு பக்கம் சிறிதாகத் தெரிவதுதான் உறுத்துகிறது என்றால், அந்தப் பக்கத்தில் மெல்லிய துணித் திண்டொன்றை வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒரு நாள் முழுவதும் செலவானாலும் பரவாயில்லை. ஒரு துண்டுத் தாளில், ஒவ்வொரு தடவையும் எந்தப் பக்கத்தில் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் குடித்தது, நீங்கள் இருந்தீர்களா படுத்தீர்களா என்பதை இரவையும் சேர்த்து எழுதுங்கள். நான் எழுதிப் பார்த்தபோது காரணம் முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் சிறிய அறையில் கட்டிலின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. பிள்ளை வலப்பக்கத்தில் படுத்திருந்தாள். இரவில் நான்கு தடவையும் வலப்பக்கம் சரிந்து படுத்தபடி வலது மார்பையே கொடுத்துவந்திருக்கிறேன். பகலில் சரிசமமாகக் கொடுக்கிறேன் என்று நான் நினைத்திருந்ததை இரவுகள் குலைத்துவிட்டன. தலையணையைக் கட்டிலின் மறுமுனைக்கு மாற்றியதுதான் நான் செய்த முதல் வேலை.

தாயின் பழக்கங்களில் பொதுவாகக் காணப்படுவது, வலக்கையை வேலைக்கென விட்டுக்கொண்டு எப்போதும் இடக்கையில் பிள்ளையை ஏந்துவது. காம்பு ஒரு பக்கத்தில் தட்டையாகவோ உள்வாங்கியோ இருந்தால், பிள்ளை பற்றுவதற்கு எளிதான பக்கத்தையே நாடும். காம்பு வெடித்து வலித்த பக்கத்தைத் தாய் தன்னை அறியாமலே தள்ளிப்போடுவதும் உண்டு. முன்பு அந்த மார்பில் சத்திரசிகிச்சை, காயம், தீப்புண், சீழ்க்கட்டி ஏதேனும் இருந்திருந்தால் பால் செல்லும் குழாய்களோ நரம்புகளோ பாதிக்கப்பட்டிருக்கலாம். கர்ப்பகாலத்தில் ஒரு மார்பு மட்டும் பெருக்கவேயில்லை என்றால், அதில் சுரக்கும் இழையமே குறைவாக அமைந்திருக்கக்கூடும். இதை வைத்தியரிடம் சொல்வது அவசியம்.

பிள்ளையின் பக்கத்துக் காரணங்களையும் மறக்கக் கூடாது. பிரசவத்தின்போது கழுத்துத் தசை இறுகிப்போன பிள்ளை தலையை ஒரே பக்கம் சாய்த்தபடி இருக்கும். மறுபக்கம் திருப்பினால் அழும். கழுத்துப்பட்டை எலும்பில் நோவிருந்தாலும், ஒரு காதில் வலியிருந்தாலும் இப்படித்தான். இலங்கையில் பிறந்தவுடனேயே பீசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி இடது மேற்கையில் போடப்படுகிறது. சில வாரங்களின் பின் அந்த இடம் சிவந்து வீங்கிப் பொருக்குத் தட்டும். வழக்கமான மடியிருப்பில் வலது மார்பைக் கொடுக்கும்போது பிள்ளை தன் இடப்பக்கம் சரிந்திருக்கும்; அந்தக் கை உடலுக்கடியில் அழுந்தும். ஊசி போட்ட தழும்பைப் பார்க்காமல், வலப்பக்கத்துப் பால் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஏந்தும் முறையை மாற்றினாலே இது தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: குறைந்த பக்கத்துக்கு வேலை கொடுங்கள்

பசியோடு வாய் வைக்கும் முதல் சில நிமிடங்களில்தான் பிள்ளை வலுவாகச் சப்பும். அந்த வலுவைக் குறைந்த பக்கம் பெறட்டும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தில் தொடங்கி, விழுங்கும் ஓசை தணியும்வரை விட்டு, பின்னர் மறுபக்கத்துக்கு மாற்றி, இறுதியில் பிள்ளை இன்னும் விழித்திருந்தால் மீண்டும் குறைந்த பக்கத்துக்கே கொண்டுவாருங்கள். கடைசியாகச் சப்பும் அந்த நேரத்தில் பால் அதிகம் வராவிட்டாலும் மார்புக்குத் தூண்டுதல் கிடைக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் இதற்கு இணங்குவதில்லை. பால் விரைந்து வரும் பக்கத்துக்குப் பழகிய பிள்ளை, மெல்ல வரும் பக்கத்தில் வைத்தவுடன் முதுகை வளைத்துக் கத்தும். அப்படிப்பட்ட பிள்ளையோடு மல்லுக்கட்டக் கூடாது. மார்பென்றாலே அழும் நிலைக்கு அது கொண்டுபோய்விடும். கூடிய பக்கத்தில் முதலில் கொடுத்துப் பசியின் கூர்மை தணிந்த பின்னர், பால் இறங்கி மறுபக்கமும் சொட்டத் தொடங்கியவுடன் மாற்றுங்கள். அல்லது வாய் வைப்பதற்கு முன்பே கையால் மெதுவாக வருடி, இரண்டொரு துளி காம்பில் வந்த பிறகு கொடுங்கள். அரைத்தூக்கத்திலிருக்கும் பிள்ளை பக்கம் பார்ப்பதில்லை. ஆகவே அதிகாலைப் பாலூட்டல் குறைந்த பக்கத்துக்கு மிகவும் உகந்த வேளை.

இன்னொரு வழி, பிள்ளையைத் திருப்பாமலேயே பக்கத்தை மாற்றுவது. இடது மார்பில் மடியில் கிடத்தியபடி குடிக்கும் பிள்ளையை, அது சரிந்திருக்கும் அதே நிலையில் அப்படியே வலது மார்புக்கு நகர்த்தி, கால்கள் உங்கள் வலது அக்குளுக்கடியால் முதுகுப் பக்கம் போகும்படி தலையணை மீது தாங்கிக்கொள்ளுங்கள். கழுத்து இறுகிய பிள்ளைக்கும், ஊசி போட்ட கையில் நோவுள்ள பிள்ளைக்கும் இது மிகவும் உதவும். இடப்பக்கம் குறைவாக இருந்தால் இதையே மறுவளமாகச் செய்யலாம்.

பிள்ளை குடிக்கும்போது, சப்புகிறது ஆனால் விழுங்கவில்லை என்று தெரிந்தால், காம்பிலிருந்து தள்ளி மார்பை உள்ளங்கையால் இதமாக அழுத்திப் பிடியுங்கள். மீண்டும் விழுங்கத் தொடங்கும். விழுங்கல் நின்றதும் கையைத் தளர்த்தி, இடத்தை மாற்றி மறுபடி அழுத்துங்கள். வலிக்கும்படி அமுக்கக் கூடாது.

நான்காம் படி: பாலூட்டிய பின் கையால் எடுத்தல்

நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, பிள்ளை குடித்து முடித்த பின்னர் குறைந்த பக்கத்தில் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் பால் எடுங்கள். பம்பு இல்லாவிட்டால் கை போதும். உண்மையில் முதலில் கையால் எடுக்கப் பழகுவதையே நான் விரும்புவேன். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, சுத்தமான அகன்ற கிண்ணமொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெருவிரலைக் காம்புக்கு மேலேயும் சுட்டுவிரலைக் கீழேயும், காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே தள்ளி, பின் இரண்டு விரல்களையும் ஒன்றையொன்று நோக்கி அமர்த்தி, பிறகு தளர்த்துங்கள். தள்ளி, அமர்த்தி, தளர்த்துவது ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். விரல்கள் தோலின் மேல் வழுக்கக் கூடாது. காம்பைப் பிதுக்கவும் கூடாது. முதல் ஒரு நிமிடம் ஒன்றும் வராது. பின் ஒரு துளி திரண்டு நிற்கும், அதன் பின்னர் மெல்லிய தாரைகள் இரண்டு மூன்று திசைகளில் பீச்சும். அந்த இடத்தில் ஓய்ந்ததும் விரல்களைக் கருவட்டத்தைச் சுற்றி நகர்த்தித் தொடருங்கள்.

முதல் சில நாட்கள் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி மட்டுமே சேரலாம். அதைக் கண்டு விட்டுவிடாதீர்கள். இங்கே நாம் எடுக்கும் பாலைவிட, மார்பு காலியாகிறது என்ற தூண்டுதலே முக்கியம். மாற்றம் தெரியப் பலருக்குச் சில நாட்கள் போதும், சிலருக்கு இரண்டு வாரமும் ஆகும். இரண்டு பக்கமும் சரிசமமாக வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இடைவெளி குறைந்தாலே போதுமானது.

எடுத்த பாலை அறை வெப்பத்தில் நான்கு மணித்தியாலம் வைக்கலாம் என்ற கணக்கு 25 பாகை செல்சியசுக்குட்பட்ட இடத்துக்குரியது. கொழும்பில் மின்விசிறி மட்டுமுள்ள வீட்டில் பகல் வெப்பம் 30 பாகையைத் தொடுவதால், எடுத்த உடனேயே ஃபிரிஜ்ஜின் உட்புறத்தில் வைத்து நான்கு நாட்களுக்குள் கொடுத்து முடியுங்கள். கதவுத் தட்டில் வைக்க வேண்டாம். போத்தலைவிடச் சிறு கோப்பையால் கொடுப்பது நல்லது.

ஐந்தாம் படி: கூடிய பக்கத்தைக் கைவிடாதீர்கள்

இதில்தான் பலர் தவறுகிறார்கள். குறைந்த பக்கத்தின் மீதே கவனம் செலுத்தி, கூடிய பக்கத்தை மணிக்கணக்காக விட்டுவிட, அது கல்லாய்க் கட்டிப்போய் மார்பழற்சியில் முடிகிறது. கூடிய பக்கத்திலும் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டும். இடையில் இறுக்கம் தாங்க முடியாவிட்டால், அந்த இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் கையால் எடுத்துவிடுங்கள். முழுவதும் காலியாக்கினால் அந்தப் பக்கம் இன்னும் கூடுதலாகச் சுரக்கும், வேறுபாடும் கூடும். அந்தப் பக்கத்தைப் பம்பால் எடுத்துச் சேமித்து வைக்கும் ஆசையையும் சில வாரங்களுக்குத் தள்ளிவையுங்கள்.

பால் வேகமாகப் பாய்ந்து பிள்ளைக்குப் புரைக்கேறினால், நீங்கள் பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டு பிள்ளையை உங்கள் மார்பின் மேல் குப்புறக் கிடத்திக் கொடுங்கள். பால் மேல்நோக்கி வர வேண்டியிருப்பதால் வேகம் தணியும்.

கட்டிப்போன மார்பைச் சூடான எண்ணெயிட்டு உருவிவிடுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். பலமாக உருவினால் உள்ளிருக்கும் இழையம் கன்றி வீக்கம் கூடுகிறது என்பதால் இன்று அது தவிர்க்கப்படுகிறது. ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, அக்குளை நோக்கி விரல்நுனியால் பூப்போல வருடுங்கள். காய்ச்சல், குளிர்நடுக்கம், சிவந்து சூடாகிய பகுதி ஆகியவை 24 மணித்தியாலத்தில் தணியாவிட்டால் வைத்தியரிடம் செல்லுங்கள். மார்பழற்சி இருந்தாலும் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை. அந்தப் பால் பிள்ளைக்குத் தீங்கு செய்யாது. அழற்சியுள்ள மார்பின் பாலில் உப்புச்சுவை கூடுவதால் பிள்ளை சில நாட்கள் முகம் சுளிக்கலாம், பின்னர் சரியாகிவிடும்.

ஒரு பக்கம் எந்த வகையிலும் கூடவில்லை என்றால்

சத்திரசிகிச்சையாலோ இழையக் குறைவாலோ ஒரு மார்பு கூடவே மாட்டாத தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர்களில் பலர் ஒரு பிள்ளைக்கு ஒரு மார்பென்று கொடுத்தே வளர்க்கிறார்கள் என்பதுதான். நலமான ஒரு மார்பு, அடிக்கடி கொடுக்கப்பட்டால், ஒரு பிள்ளையின் தேவையைத் தனியே சுரந்து நிறைவுசெய்ய வல்லது. அந்த முடிவுக்கு வந்தால் மற்றப் பக்கத்தைத் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள்; நிறையை மட்டும் வாரந்தோறும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறை ஏறாதபோது, பால்மாவை நீங்களாகவே தொடங்காமல், உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் பேசுங்கள். பிள்ளை பெற்ற வைத்தியசாலையில் பாலூட்டல் ஆலோசனை நிலையம் இருந்தால் அங்கே பிள்ளையோடு போய், பாலூட்டிக் காட்டுங்கள். கொழும்பின் காசல் வீதி, டி சொய்சா போன்ற பெரிய மகப்பேற்று வைத்தியசாலைகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற தாதியர் இருக்கிறார்கள். பால் சுரக்க வைக்கும் மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். அவையும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக வேலை செய்பவைதான், இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியவையும் அவற்றில் உண்டு.

தாமதிக்காமல் வைத்தியரைக் காண வேண்டியவை

பாலூட்டும் மார்பில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பான்மையானவை பால் கட்டிகளே. என்றாலும், பல வாரமாக நன்றாகக் குடித்துவந்த பிள்ளை எந்தக் காரணமும் தெரியாமல் ஒரே மார்பைத் திடீரென மறுத்து, அந்த மறுப்பு நீடித்தால், அந்த மார்பை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் கரையாத கட்டி, தோலில் குழி விழுதல் அல்லது தோடம்பழத் தோல்போலத் தடித்தல், புதிதாகக் காம்பு உள்வாங்குதல், காம்பில் வெடிப்பில்லாமலே இரத்தம் கசிதல் ஆகியவற்றையும் அவ்வாறே. பாலூட்டும் காலத்தில் ஸ்கான் செய்யலாம். அதற்காகப் பாலை நிறுத்தத் தேவையில்லை. பால் கொடுக்கும் மார்பில் எல்லாம் வழமைதான் என்று எவரேனும் பார்க்காமலே அனுப்பிவிட்டால், இன்னொருவரிடம் காட்டுங்கள். தலையை ஒரே பக்கம் சாய்க்கும் பிள்ளையை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ உங்கள் கிளினிக்கிலோ காட்டினால், கழுத்துத் தசைக்கான எளிய பயிற்சிகளைச் சொல்லித் தருவார்கள். அதை முதல் மாதங்களிலேயே தொடங்குவது பலன் தரும்.

பால் மறந்த பின்னர் சில மாதங்களில் இரு மார்புகளும் பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பிருந்த ஒப்பிய அளவுக்கே திரும்பிவிடுகின்றன. என் இடப்பக்கம் கடைசிவரை வலப்பக்கத்துக்கு ஈடாகவில்லை. 25 மில்லிலீற்றர் 50 ஆனது, அவ்வளவுதான். மகள் இரண்டு வயது தாண்டும்வரை இரண்டிலும் குடித்தாள். தூக்கம் வரும் நேரத்தில், பால் மெதுவாக வரும் அந்த இடப்பக்கத்தையே கேட்பாள்.